மூன்றாவது தூணின் அடியில்

பிப்ரவரி 2

டேய் உம்மணாமூஞ்சி,

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. போன் செய்திருப்பேன். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நான் கத்துவேன், நான்காவதில் நீ வைத்துவிடுவாய். கடிதத்தில் கத்தினால் யாருக்கும் கேட்காது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

இந்தப் பார்சலில் உன் கருவி இருக்கிறது. ஆமாம், அதேதான். "கருவியின் திறன் போதாது" என்று அறிக்கையில் ஒரு வரி எழுதியதற்காக வீட்டுப் பக்கமே வராமல் இருக்கிறாயே, அந்தக் கருவி. தூக்கி எறியவில்லை. பீரோவில் புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து நானூறு ஆற்றுக் கற்களில் துளை போட்டோமே. ஒவ்வொன்றிலும் பாதித் தீக்குச்சி நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழல், அதற்குள் ஒரு மின்னணுச் சில்லும் செம்புச் சுருளும், மேலே பசை. அவற்றைக் கொண்டுபோய் ஆற்றின் மேல் வளைவில் பரப்பினேன். வெள்ளம் வந்து வடிந்ததும் உன் கருவியின் கம்பி வளையத்தைக் கழியில் கட்டிக்கொண்டு, முட்டித் தண்ணீரில் ஆறு கிலோமீட்டர் தேடினேன். எந்தக் கல் எவ்வளவு தூரம் உருண்டிருக்கிறது என்று தெரிந்தால் படுகை எங்கே அசைகிறது என்று தெரியும். இருநூற்றுப் பன்னிரண்டு கிடைத்தன. மீதி போன இடம் தெரியவில்லை. பாலத்தின் மூன்றாவது தூணைச் சுற்றி ஒரு மணி நேரம் வளையத்தை ஆட்டினேன். உன் கருவி ஒரு தடவைகூடக் 'கீ' என்று கத்தவில்லை. அங்கே எந்தக் கல்லும் வந்து சேரவில்லை, படுகை அசையவில்லை, தூண் பத்திரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பாலம் திறந்திருக்கிறது.

போன வாரம் உன் மாமா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "மூணாவது தூண் வரும்போது வண்டி லேசா ஒருதரம் உக்காந்து எந்திரிக்குது. நான்தான் வெயிட் போட்டுட்டேன் போல." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் ஓட்டுகிற பஸ் ஒரு நாளைக்கு ஆறு தடவை அந்தப் பாலத்தைக் கடக்கிறது.

அன்றைக்குக் கருவி சரியாக வேலை செய்ததா? சண்டைக்குக் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 8

அக்காவுக்கு,

கருவி கிடைத்தது. திறந்து பார்த்தேன். அந்துருண்டை வாசனையைத் தவிர உள்ளே ஒரு குறையும் இல்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. 'கீ' வந்தால் நல்ல கருவி, வராவிட்டால் மட்டம். இப்போதாவது கேள். அந்தக் கல்லுக்குள் பேட்டரி கிடையாது. தானாக ஒரு வார்த்தை பேச அதற்கு வக்கில்லை. உன் கையிலிருக்கும் வளையம் ஒரு காந்தப்புலத்தை எழுப்புகிறது. அதிலிருந்து ஒரு துளி சக்தியை எடுத்துக்கொண்டுதான் அந்தச் சில்லுக்கு உயிரே வருகிறது. உயிர் வந்ததும் அது தன் சுருளை மூடித் திறந்து, மூடித் திறந்து, நம்முடைய புலத்தையே இம்மியளவு இழுத்து விடுகிறது. நம் வளையத்தின் மின்னழுத்தத்தில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு பள்ளமாகத் தெரியும். பள்ளம், சமம், பள்ளம், பள்ளம். அந்த வரிசைதான் கல்லின் எண். பதினாறு வருஷமாக இதே பிழைப்பு. இன்னும் ஸ்கோப் திரையின் அலைக்கோட்டில் அந்தப் பள்ளம் விழுவதைப் பார்த்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. மண்ணுக்கடியில் கிடக்கும் ஒரு கல், நாம் கொடுத்த சக்தியை வைத்தே நமக்குப் பதில் சொல்கிறது.

நான்கு சின்ன செல்களில் கருவி ஒரு வருஷம் ஓடவேண்டும் என்றாய் நீ. அதற்காக அதைத் தூங்கவைத்தேன். விநாடிக்குப் பத்து முறை கண் திறக்கும், ஒவ்வொரு முறையும் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் பார்க்கும், புலத்தில் பள்ளம் இல்லையென்றால் மறுபடி தூக்கம். மொத்த வருஷத்தில் மூன்றரை நாள்தான் விழித்திருக்கும். பள்ளம் தெரிந்தால் முழுதாக எழுந்து எண்ணைப் படிக்கும். எண்ணின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு உண்டு. அது ஒத்துவந்தால்தான் 'கீ'. ஒத்துவராவிட்டால் ஏதோ வெளி இரைச்சல் என்று தள்ளிவிட்டுத் தூங்கப் போய்விடும்.

அப்படித் தள்ளியவை எத்தனை என்று மணிக்கொரு தடவை உள்ளே பதிவாகும். சோதனைக்காக நான் போட்டு, நானே மறந்துபோன விஷயம். திரையில் காட்டாது. நேற்று எடுத்துப் பார்த்தேன். வழக்கமாக மணிக்கு இருபது, முப்பது. அந்த நவம்பர் பத்தொன்பதாம் தேதி பிற்பகல் இரண்டிலிருந்து மூன்று வரை மட்டும் பதினோராயிரத்து நானூறு.

அந்த ஒரு மணி நேரம் நீ எங்கே நின்றாய்?

(அறிக்கையில் நீ எழுதிய அந்த வரியை நான் மறக்கவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.)

தம்பி


பிப்ரவரி 13

டேய்,

மூன்றாவது தூண்.

களக்குறிப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் பட்டு மை கலைந்திருக்கிறது, ஆனால் படிக்கமுடிகிறது. "2.05, தூண் 3, மேல் பக்கம். பதில் இல்லை. 2.30, கீழ்ப் பக்கம். பதில் இல்லை. 2.58, கிளம்பினேன்." இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், பதில் இல்லை என்று. பதினோராயிரம் தடவை அது எதையோ கேட்டுவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் தூங்கியிருக்கிறதா? என்னடா அர்த்தம் இதற்கு?

உன் மாமாவிடம் அந்த வழியாகப் போகவேண்டாம் என்றேன். "ஸ்டியரிங்தான் என் கையில இருக்கு, ரூட் டிப்போ கையில இருக்கு. பொண்டாட்டிக்குப் பயமா இருக்காம்னு லீவு லெட்டர் எழுதவா?" என்கிறார். பாலத்து இன்ஜினியரிடம் போனேன். "வண்டி குலுங்குதுங்கிறதெல்லாம் டயர் பிரச்சனை மேடம். உங்க ரிப்போர்ட்டே தூண் பத்திரம்னுதானே சொல்லுது" என்று என் கையெழுத்தை எனக்கே காட்டினார்.

காலையில் அவர் கிளம்பும்போது வாசல் வரை போகிறேன். பதினெட்டு வருஷத்தில் போனதில்லை. "என்ன புதுசா?" என்று கிண்டல் பண்ணுகிறார். சீக்கிரம் எழுது.

அக்கா


பிப்ரவரி 18

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே மிச்சமிருந்த நாற்பது குழல்களையும் நாற்பது கற்களில் வைத்து ஒட்டினேன். எங்கள் கம்பெனிக் கூடத்தில் கம்பிகளுக்குச் சால்டர் பற்றவைக்கும் அம்மா, "என்ன சார், வீடு கட்டறீங்களா?" என்று கேட்டார்கள். ஒரு கல்லை வளையத்தின் கீழ் வைத்தேன். கீ. இரண்டாவதைப் பக்கத்தில் வைத்தேன். ஒரு தடவை கீ, நான்கு தடவை ஒன்றுமில்லை. நாற்பதையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொட்டி மணலைப் போட்டு மூடி, வாளியின் மேல் வளையத்தை வைத்தேன்.

கப்சிப்.

ஸ்கோப்பைப் பார்த்தேன். புலம் அதல பாதாளத்துக்கு இறங்கியிருந்தது. நாற்பது கற்களும் ஒரே நேரத்தில் உயிர் பெற்று, ஒரே நேரத்தில் தங்கள் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் மேடு. எல்லாம் கலந்து, எந்த எண்ணும் தேறாமல், சரிபார்ப்பில் தோற்று, என் கருவி அத்தனையையும் இரைச்சல் என்று தள்ளிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவும் வந்து எட்டிப் பார்த்தார்கள். "இவ்ளோ பேசுது, உங்க பொட்டி ஒண்ணுமே இல்லேங்குதே சார்" என்றார்கள்.

மூன்றாவது தூணில் கல் இல்லாமல் கருவி ஊமையாக இருக்கவில்லை, அக்கா. கற்கள் அங்கே குவிந்து கிடந்ததால்தான் ஊமையாக இருந்திருக்கிறது. உனக்குக் கிடைக்காத நூற்று எண்பத்தெட்டில் பாதியாவது அங்கே இருக்கும்.

இந்தக் குழல்கள் ஒன்றுக்கு வழிவிட்டு ஒன்று பேசத் தெரியாதவை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு கிலோமீட்டர் ஆற்றில் நானூறு கல், எங்கே ஒன்றாகச் சேரப்போகின்றன என்று விட்டுவிட்டேன். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் மும்முரத்தில், புரியாத பதிலும் ஒரு பதில்தான் என்று தோன்றவே இல்லை. போதாக்குறைக்கு, ஆழமாக எட்டவேண்டும் என்று நீ கேட்டாய் என்று புலத்தின் பலத்தை வேறு கூட்டித் தந்தேன். பலம் கூடினால் அதிகக் கற்கள் விழிக்கும், குழப்பமும் கூடும். உன் அறிக்கை தப்பானது என்னால். இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இதோடு ஒரு புதுச் சுருள் அனுப்புகிறேன். விரல் தடிமன்தான். பழைய பலத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுத்திருக்கிறேன். மெல்லக் கேட்டால் பக்கத்தில் இருக்கும் கல் மட்டும்தான் விழிக்கும், நான்கு விரற்கடைக்கு அப்பால் இருப்பது தூங்கும். தூணை ஒட்டிப் படுகைக்குள் பிளாஸ்டிக் குழாயை இறக்கு. குழாய்க்குள் சுருளைக் கயிற்றில் கட்டி மெதுவாக விடு. எந்த ஆழத்தில் எந்த எண் என்று குறித்துக்கொள். எண் தேறாவிட்டாலும் புலத்தில் பள்ளம் இருந்தால் சிவப்பு விளக்கு எரியும்படி செய்திருக்கிறேன். இனிமேல் அது எதையும் உன்னிடம் மறைக்காது.

மாமாவைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 1

டேய் தம்பி,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது தூணுக்குப் போனோம், நானும் அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேரும். குழாய் ஒரு முழம்கூட இறங்கவில்லை. சம்மட்டியால் அடித்தும் அசையவில்லை. பழைய படுகை, கெட்டித்துப் போயிருக்கிறது. பிறகு மூன்றாவது தூண். மேலே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான், தட்டையான கூழாங்கல் படுகை, கணுக்கால் தண்ணீர். குழாயை ஊன்றி இரண்டு அடி அடித்தோம். மூன்றாவது அடிக்குச் சம்மட்டியை ஓங்குவதற்குள் குழாய் தானாகவே இறங்க ஆரம்பித்தது. எங்கள் ஆள் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

சுருளை விட்டேன். நாற்பது சென்டிமீட்டரில் முதல் கீ. எண் 31. எழுபதில் சிவப்பு விளக்கு, கயிற்றை ஒரு விரல் தளர்த்தினேன், எண் 204. அதற்குக் கீழே 17. அதற்கும் கீழே 350. டேய், ஒவ்வொன்றும் என் கையால் எண் எழுதி, வெயிலில் கொண்டுபோய் வைத்த கல். வைத்த இடம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் மேலே. காது அடைத்தது போல இருந்தது எனக்கு. தண்ணீர் ஓடும் சத்தமே கேட்கவில்லை. இருட்டுக்குள், ஒரு சொட்டு பேட்டரிகூட இல்லாமல், இத்தனை நாளாக அவை அங்கே கிடந்திருக்கின்றன. மெல்லக் கேட்டதும் ஒவ்வொன்றாக, வரிசையாக, நான் இன்னார் என்று சொல்கின்றன. நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். கை தானாகக் கூம்பிவிட்டது.

தூணின் அஸ்திவாரம் இரண்டரை மீட்டர் ஆழம் என்று வரைபடம் சொல்கிறது. சுருள் இரண்டரையைத் தாண்டியது. கீ வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இரண்டு மீட்டர் தொண்ணூறு சென்டிமீட்டரில் வந்தது. எண் 88.

மூன்று நாளில் ஏழு குழாய்கள் இறக்கி அறுபத்தொரு கற்களைக் கேட்டுவிட்டோம். பதினான்கு அஸ்திவாரத்துக்கும் கீழே இருக்கின்றன. மேலே இருந்த கல் அங்கே போகவேண்டுமென்றால், அவ்வளவு ஆழத்துக்கு அங்கே ஒரு பள்ளம் திறந்திருக்கவேண்டும். வெள்ளம் உச்சத்தில் இருந்தபோது ஆறு தூணின் அடியைத் தோண்டியிருக்கிறது. வடியும்போது மேலிருந்து உருட்டி வந்த கற்களைப் போட்டு மூடி, மேலே தட்டையாக்கிவிட்டுப் போயிருக்கிறது. அந்தத் தூண் இப்போது நிற்பது உதிரிக் கற்களின் மேல். அந்த வெள்ளத்தின்போது, அடியில் ஒன்றுமில்லாமல் அது தொங்கிக்கொண்டிருந்தபோது, பஸ் நிற்கவில்லை. ஓட்டியது உன் மாமா.

இன்ஜினியர் எண்களை மூன்று தடவை படித்தார். வியர்த்துவிட்டது அவருக்கு. ஆனாலும் விடவில்லை. "பத்திரம்னு எழுதினதும் நீங்க, மூடுன்னு சொல்றதும் நீங்க. மேல இருக்கறவங்க கேட்டா நான் என்ன சொல்றது? முதல் ரிப்போர்ட் தப்புன்னு எழுதிக் குடுங்க" என்றார். அதை எழுதிக் கொடுத்தால் என் இருபது வருஷ வேலையில் எந்த அறிக்கையையும் இனி யாரும் நம்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கொடுத்துவிட்டேன். தப்பு என்னுடையது என்று எழுதினேன். பதில் வரவில்லை என்பதைக் கல் இல்லை என்று எழுதியது நான்தானே.

அக்கா


மார்ச் 4

அக்கா,

நீ எழுதியது செல்லாது. நானும் அந்த இன்ஜினியரின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டேன். கற்கள் பதில் சொன்னதும், அதை இரைச்சல் என்று தள்ளியது என் மின்சுற்று என்பதும், கருவியில் பதிவான எண்ணிக்கையோடு அதில் இருக்கிறது. எங்கள் மேனேஜர், "இதை எழுதினா அந்தக் கருவியை வாங்கின அத்தனை பேரும் நம்மளைக் கேட்பாங்க" என்றார். "கேட்கட்டும் சார், கேட்கவேண்டியதுதான்" என்றேன். என்னை வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்பலாம்.

எண் 88 என்று நீ எழுதிய வரியைப் பத்துத் தடவை படித்தேன். இரண்டு மீட்டர் தொண்ணூறு. இத்தனை வருஷம் செய்த வேலை எதைத் தொடுகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பாலத்தை மூடினார்களா?

தம்பி


மார்ச் 19

டேய்,

எட்டாம் தேதி மூடினார்கள். இரண்டு பக்கமும் தகரத் தடுப்பு. பதினோரு நாளாக ஊர் என்னைக் கரித்துக்கொட்டுகிறது. சுற்றுப் பாதையில் போய்வர ஒன்றே முக்கால் மணி நேரம் கூடுதல். மருந்துக் கடைக்காரர் மிச்சச் சில்லறையை என் முகத்தைப் பார்க்காமல் நீட்டுகிறார். உன் மாமாவுக்கு வண்டியிலேயே அர்ச்சனை. "உங்க வீட்டம்மா கல்லுகிட்ட பேசுவாங்களாமே, எங்களுக்கு எப்ப வழி விடுவாங்கன்னு கேட்டுச் சொல்லச் சொல்லுங்க" என்று ஒருவர். வண்டியே சிரித்ததாம். அவரும் சிரித்துவிட்டு வந்து என்னிடம் சொல்கிறார். ஆனால் இரண்டு நாளாகச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

தினமும் கரைக்குப் போய்ப் பார்க்கிறேன். நல்ல வெயில், ஆற்றில் தண்ணீரே இல்லை. பாலம் ஜம்மென்று நிற்கிறது. அடுத்த வாரம் திறந்துவிடலாமா என்று பேச்சு அடிபடுகிறது. நாம் தப்பாகக் கேட்டுவிட்டோமா, தம்பி?

அக்கா


மார்ச் 23

அக்கா,

அறுபத்தொரு கற்களின் எண்ணும் சரிபார்ப்போடு வந்தவை. ஒன்றுகூடத் தப்பாக இருக்க வழியில்லை. நான்கு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். யார் என்ன சொன்னாலும் திறக்கவிடாதே. அழுது புரண்டாவது தடு. தேவைப்பட்டால் நான் வந்து தடுப்புக்கு முன்னால் உட்காருகிறேன்.

தம்பி


ஏப்ரல் 5

தம்பி,

முந்தாநாள் மேலே எங்கோ மழை. ஆறு கணுக்காலிலிருந்து இடுப்புக்கு ஏறியது, அவ்வளவுதான். அதை வெள்ளம் என்றுகூடச் சொல்லமுடியாது. நேற்றுக் காலை வழக்கம்போலக் கரைக்குப் போனேன். கறிவேப்பிலைக் கட்டோடு ஒரு அம்மா தடுப்புக்குப் பக்கத்தில் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டிக்கொண்டே இருந்தவர் பேச்சை நிறுத்தினார். நான் திரும்பிப் பார்த்தேன்.

மூன்றாவது தூண் இறங்கிக்கொண்டிருந்தது. வேகமே இல்லை. வயதானவர் நாற்காலியில் உட்காருவாரே, அப்படி நிதானமாக. பாதி தூரம் போனதும் மேல்தளம் தாங்கவில்லை. தூணுக்கு இரு பக்கமும் இருந்த பாலத்தின் கண்கள் இரண்டும் அப்படியே மடிந்து ஆற்றில் விழுந்தன. அதற்கப்புறம்தான் சத்தம் வந்தது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை.

பாலம் திறந்திருந்தால், எந்த நேரத்தில் விழுந்திருந்தாலும் யாராவது மேலே இருந்திருப்பார்கள். விழுந்தது காலை வண்டி வழக்கமாகப் பாலத்தைக் கடக்கும் நேரத்தில்.

உன் மாமாவுக்குச் சுற்றுப் பாதையிலேயே தகவல் போய்விட்டது. வண்டியை ஓரம்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் இறங்கி நின்றாராம். பிறகு ஏறி, திரும்பி நின்று, ஒவ்வொரு சீட்டாக எண்ணியிருக்கிறார். அறுபத்திரண்டு பேர். அதற்கப்புறம்தான் என்ன விஷயம் என்று அவர்களிடம் சொன்னாராம். மத்தியானம் வீட்டுக்கு வந்தார். கிண்டல் இல்லை, ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "அறுபத்திரெண்டு" என்று மட்டும் சொன்னார். பிறகு அழுதார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. நானும் அழுதேன். "மச்சானுக்கு எழுது" என்றார். என்ன எழுத என்று கேட்டேன். "தெரியல, நீயே எழுது. வரச் சொல்லி எழுது" என்றார்.

அறிக்கையில் உன் கருவியைப் பற்றி எழுதிய அந்த வரிக்கு மன்னித்துக்கொள். உன்மேல் எனக்கு இவ்வளவு பாசம் இருக்கிறது என்பதை இரண்டு வருஷம் உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் சேர்த்து.

இன்று காலை நான் அந்த வண்டியில் ஏறிப் போனேன், வேலை எதுவும் இல்லாமல், சும்மா. நீயும் வா. அடுத்த பஸ்ஸிலேயே வா. தினமும் வருகிற அதே ஆட்கள்தான். ஜன்னலோரத்துக்கு இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். ஒருத்தி ஈரத் தலையைக் காயவைத்துக்கொண்டு வருகிறாள். பின் சீட்டில் ஒருவர் வாயைத் திறந்தபடி தூங்குகிறார். ஒரு குழந்தை முன்னால் இருப்பவரின் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது. அந்த அறுபத்திரண்டு பேர், தம்பி. வந்து உன் கண்ணால் பார்.

அக்கா